சாலையோரம் தானாக வளரும் புளூபானெட் நம் வீட்டில் மட்டும் ஏன் வருவதில்லை?

கேட்டவர் டெக்ஸஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்கு வடக்கே புது வீடு வாங்கிக் குடியேறி இரண்டு வருடம் ஆனவர். மார்ச் மாதம் சாலையோரமெல்லாம் நீலமாகப் பூத்துக் கிடக்கும் புளூபானெட்டைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே வாரம் விதை வாங்கிப் பின்கட்டுத் தோட்டத்தில் போட்டிருக்கிறார். தினமும் தண்ணீர் விட்டார், உரம் வைத்தார். இரண்டு வருடமும் ஒன்றும் வரவில்லை. நடுவில் ‘லூபின்’ (புளூபானெட்டும் இந்த இனம்தான்) என்று பெயர் ஒட்டிய தொட்டிச் செடி நான்கு வாங்கி வைத்தார். ஜூனில் அவையும் கருகிவிட்டன. கடைசியாக ஒரு வரி: காய் பட்டாணி மாதிரி இருக்கிறது, வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, விஷமா?

எப்படி வளர்ப்பது என்று கேட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் ஆதங்கம் வேறு. யாரும் திரும்பிப் பார்க்காத நெடுஞ்சாலை ஓரத்தில் கொட்டிக் கிடப்பது, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யும் என் வீட்டில் ஏன் வர மாட்டேன் என்கிறது? பதிலும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி, போட்ட மாதம்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். படித்தது கோவையில் வேளாண்மை, பிழைப்பு கம்ப்யூட்டர். ஆஸ்டின் பக்கம் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அதில் பதினான்கு வருடமாக வீட்டு முன்னால் இந்தச் செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் மத்திய டெக்ஸஸ் மண்ணையும் வெயிலையும் வைத்து. ஹூஸ்டனின் ஈரத்துக்கும் எல் பாசோவின் வறட்சிக்கும் இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் மாதம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. புளூபானெட் ஒரு வருடத்துச் செடி. ஆனால் அதன் வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. மழைக்காலம் போல வரும் இலையுதிர் கால ஈரத்தில் முளைத்து, குளிர் முழுக்கத் தரையோடு படுத்துக் கிடந்து, வசந்தத்தில் பூத்து, கோடை தொடங்கும்போது விதையைத் தெறித்துவிட்டுச் செத்துப்போகும். நம் ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இதற்குப் புரட்டாசி, ஐப்பசிப் பட்டம். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் விதை மண்ணில் இருந்தாக வேண்டும். மார்ச்சில் பூவைப் பார்த்துவிட்டு விதைப்பது, அறுவடை நடக்கும் வயலைப் பார்த்து ஆசைப்பட்டு அன்றைக்கே நாற்று விட்ட கதைதான். முளைத்திருந்தாலும் வேர் இறங்குவதற்குள் மே மாத வெயில் வாட்டியிருக்கும். கடைகளில் மார்ச்சில் விதைப் பாக்கெட்டை முன்வரிசையில் அடுக்கி வைக்கிறார்கள் என்றால், நமக்கு ஆசை வருவது அந்த மாதம்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல், பழுப்பு, புள்ளி விழுந்த கறுப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அரிசியில் கல் பொறுக்கிய கண்ணுக்கு, இது விதையா ஜல்லித் துகளா என்று சட்டென்று பிடிபடாது. அவ்வளவு கெட்டி. தண்ணீர் உள்ளே போகாத தோல். நம் ஊர்க் கொழுஞ்சி விதைக்கும் இதே குணம் உண்டு. பசுந்தாள் உரத்துக்காக விதைப்பவர்கள் அதை மணலோடு சேர்த்துத் தேய்ப்பார்கள், அல்லது வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுப்பார்கள். கொழுஞ்சியும் புளூபானெட்டும் ஒரே அவரைக் குடும்பம், தூரத்துப் பங்காளிகள் மாதிரி. குணம் ஒத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் கெட்டித் தோல் செடியின் சேமிப்பு ஏற்பாடு. ஒரு வருடத்து விதை எல்லாம் அந்த வருடமே முளைத்து, அடுத்த மாதம் மழை பொய்த்துவிட்டால் வம்சமே போய்விடும். அதனால் கொஞ்சம் இந்த வருடம், கொஞ்சம் அடுத்த வருடம், மீதி அதற்கும் பிறகு என்று தவணையில் முளைக்கும். 2011இல் டெக்ஸஸ் முழுக்க வரலாறு காணாத வறட்சி. அதற்குப் பிறகும் புளூபானெட் இங்கே இருக்கிறது என்றால், மண்ணுக்குள் பொறுமையாகக் காத்துக்கிடந்த விதைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எதுவும் செய்யாமல் அப்படியே போட்டால் முதல் வருடம் ஐந்தில் ஒன்று முளைத்தால் அதிகம் என்று இங்கே பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான்.

விதை நேர்த்தி அவசியமா என்பதில் மட்டும் இங்கே வளர்ப்பவர்களிடம் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, உப்புத்தாளில் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்துத்தான் போட வேண்டும் என்கிறது. இன்னொரு கட்சி, இயற்கை தேய்க்கிறதா என்ன, சும்மா தூவு என்கிறது. என் வழி இரண்டுக்கும் நடுவே. விதையைப் பாதியாகப் பிரித்துக்கொள்வேன். ஒரு பாதியை இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே வைத்து, மேல் பளபளப்பு மங்கும் வரை தேய்த்து, ராத்திரி தண்ணீரில் போடுவேன். காலையில் பார்த்தால் சில இரண்டு மடங்கு ஊதி மெத்தென்று இருக்கும், சில போட்டபடியே கல்லாகக் கிடக்கும். ஊதியதை அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். திரும்பக் காயவிட்டால் போச்சு. தேய்க்காத பாதியை அப்படியே கலந்து தூவிவிடுவேன். இந்த வருடத்துப் பூவுக்கு முதல் பாதி, வருங்காலத்துக்கு இரண்டாம் பாதி. எல்லாவற்றையும் தேய்த்து ஒரே நாளில் முளைக்க வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். செடி சேர்த்து வைத்ததை நாமே செலவழித்த மாதிரி.

இன்னொன்று வேர் முடிச்சு. பயறு வகைக்கு ரைசோபியம் என்ற பாக்டீரியாவைக் கலந்து விதைப்பது நமக்குப் பழக்கம். லூபினுக்கும் காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா உண்டு, ஆனால் எல்லாப் பயறுக்கும் பொதுவான ஒன்று இல்லை. லூபினுக்கென்று விற்கும் தனிக் கலவைதான் வேண்டும். அதைக் கலப்பது கட்டாயமா? சுற்று வட்டாரத்தில் புளூபானெட் ஏற்கெனவே வளரும் இடமென்றால் மண்ணிலேயே இருக்கலாம். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்துவிட்டு எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண் என்றால் கலப்பது நல்லது. உங்களுடையது புது வீடு, அதனால் முதல் வருடம் கலந்துவிடுங்கள். முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க பிப்ரவரியில் ஒரு செடியைத் தியாகம் செய்யலாம்: வேரில் இருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. லூபின் என்ற பெயரே லத்தீனில் ஓநாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மண்ணின் சத்தை ஓநாய் மாதிரி தின்றுவிடும் என்று நினைத்தார்களாம் என்பது பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். சத்தில்லாத மண்ணில் இது வளர்வதைப் பார்த்து, மண்ணைக் கெடுத்ததே இதுதான் என்று பழி போட்டிருப்பார்கள் போல. உண்மை நேர் எதிர். அதனால்தான் உரம் வேண்டாம் என்கிறேன். தழைச்சத்து கொட்டினால் இலை தளதளவென்று வரும், பூ குறையும். நீங்கள் வைத்த உரம், பூக்காமல் இருக்கக் கூலி கொடுத்த மாதிரி.

மண்ணைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆஸ்டினுக்கு மேற்கே சுண்ணாம்புப் பாறைமேல் இரண்டு அங்குல மண். கிழக்கே பிளாக்லேண்ட் பிரெய்ரி எனும் கறுப்பு மண். விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் கால் வைத்தவர்களுக்கு இந்தக் கறுப்பு மண்ணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நனைந்தால் செருப்பில் அப்பிக்கொண்டு ஆளை உயர்த்தும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மண்ணியலாளர்கள் நம் கரிசலையும் இதையும் வெர்ட்டிசால் என்ற ஒரே வகையில்தான் வைக்கிறார்கள். புளூபானெட் சுண்ணாம்பு மண்ணில் சந்தோஷமாக வளரும், கறுப்பு மண்ணிலும் வளரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் வளராது. குளிர்காலத்தில் வேர் ஈரத்தில் ஊறினால் அழுகிவிடும். உங்கள் பக்கம் கறுப்பு மண் என்றால் ஆறு அங்குலம் உயர்த்தி மேட்டுப்பாத்தி போடுங்கள், நொறுங்கிய கிரானைட் துகளைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். சரிவான இடமிருந்தால் அதுவே போதும். நெடுஞ்சாலை ஓரம் என்றால் என்ன? சரிவு, வடிகால், மரநிழல் இல்லாத வெயில், யாரும் உரம் வைக்காத மண். நாலும் அங்கே தானாகவே அமைந்திருக்கிறது. எட்டு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். அரை நிழலில் செடி நெட்டையாகச் சாய்ந்து ஏதோ பேருக்குப் பூக்கும்.

விதைப்பது ஐந்து நிமிட வேலை. புல்லை ஒட்டச் செதுக்கி, மேல்மண்ணை அரை அங்குலம் கிளறி, சதுர அடிக்கு எட்டிலிருந்து பத்து விதை தூவி, காலால் மிதித்து அழுத்திவிட வேண்டும். ஆழப் புதைக்க வேண்டாம். விதையின் கனத்துக்கு மண் மூடினால் போதும். ஒரு அவுன்ஸில் ஏறக்குறைய தொள்ளாயிரம் விதை இருக்கும், நூறு சதுர அடிக்கு அது தாராளம். போட்ட அன்று நன்றாக ஒரு தண்ணீர், முளைக்கும்வரை மண் காயாமல் லேசாக. முளைத்த பிறகு மழை இரண்டு மூன்று வாரம் பொய்த்தால் மட்டும் தண்ணீர். தானியங்கித் தெளிப்பான் அந்தப் பகுதியில் ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள். வளர்ந்து நிற்கும் செயின்ட் அகஸ்டின் புல்லுக்குள் தூவினால் விதை மண்ணையே தொடாது, அந்த வேலை வீண்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. புல்வெளிக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா? இங்கே பலர் செப்டம்பரில் களை முளைக்காமல் தடுக்கும் மருந்து அடிப்பார்கள். உரமும் களைக்கொல்லியும் சேர்ந்த மூட்டையும் உண்டு. அந்த மருந்துக்குக் களை எது, புளூபானெட் எது என்று தெரியாது. என் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடம் விதைத்தும் ஒரு செடி வரவில்லை. கடைசியில் பார்த்தால், அவர் விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு மருந்துக்காரர் வந்து போயிருக்கிறார். பாத்தி போடும் இடத்தில் இந்த வருடம் எதுவும் அடிக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

முளை வந்ததும் எது நம் செடி என்று தெரிய வேண்டும். முதலில் தடித்த இரண்டு வித்திலை. அப்புறம் வரும் இலைதான் அடையாளம்: உள்ளங்கையை விரித்த மாதிரி ஐந்து சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும், ஓரத்தில் வெள்ளி ரோமம். அதிகாலையில் குனிந்து பார்த்தால் அந்த ஐந்தும் சேரும் குழியில் ஒரே ஒரு பனித்துளி உருண்டு நிற்கும். சேம்பிலைத் தண்ணீர் போல ஒட்டாமல் நிற்கும், விரல் பட்டால் சிந்திவிடும். பூவைவிட எனக்கு இது பிடிக்கும் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் செடி ஒரு சிறு தட்டு அளவுக்கு மேல் வளராது. வளரவில்லையே என்று கவலைப்பட்டு எதையும் ஊற்ற வேண்டாம். அந்த நேரத்தில் வளர்ச்சி முழுக்க கீழே ஆணிவேரில். 2021 பிப்ரவரி உறைபனியில் இங்கே வெப்பம் செல்சியஸில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கும் கூடுதலாக இறங்கியது, கரன்ட் இல்லை, குழாயெல்லாம் வெடித்தது. கராஜுக்குள் போர்வை போர்த்தி வைத்திருந்த என் கறிவேப்பிலை செத்துப்போனது. வெளியே பனிக்கு அடியில் கிடந்த புளூபானெட் ஏப்ரலில் பூத்தது.

இந்தக் குளிர்காலத்தில் செடிக்குப் பெரிய எதிரி பனி இல்லை, நல்லெண்ணம். எங்கள் அம்மா ஒரு முறை டிசம்பரில் ஊரிலிருந்து வந்திருந்தார். நான் ஆபீஸ் போய் வருவதற்குள் முன்கட்டுப் பாத்தியைச் சுத்தமாகச் செதுக்கி, குவியலாகக் கூட்டி வைத்துவிட்டு, “எவ்வளவு களை வச்சிருக்கே, எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்பா” என்றார். அந்த வருடம் வேலி ஓரத்தில் தப்பித்த மூன்று செடிதான் பூத்தது. மார்ச்சில் போனில் படம் அனுப்பினேன். இதுவா அது, முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே என்றார். நியாயம்தான். அதிலிருந்து பாத்தியில் நாலு மூலையிலும் கம்பி நட்டு ரிப்பன் கட்டிவிடுகிறேன். நீங்களும் வீட்டிலிருப்பவர்கள், புல்வெட்ட வருபவர் எல்லோரிடமும் செடியைக் காட்டிவிடுங்கள்.

இன்னொரு எதிரி, தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சி. பிள்ளைகள் ரோலிபோலி என்பார்கள். இளஞ்செடியைத் தரையோடு கடித்துவிடும். தழை மூடாக்கு அதிகம் போட்ட பாத்தியில்தான் இது பெருகும், அதனால் புளூபானெட் பாத்திக்கு மூடாக்கு வேண்டாம். நத்தையும் இதே வேலையைச் செய்யும். மற்றபடி இதற்கு மருந்தடிக்கும் அளவுக்கு நோய் வந்து நான் பார்த்ததில்லை.

சரி, கருகிப்போன நான்கு தொட்டிச் செடிக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மஞ்சள், சிவப்பு, வெள்ளை எனக் கலந்து முழ உயரத்துக்குக் கூம்பாகப் பூக்கும் ரஸ்ஸல் லூபின் வகை அது. அதன் மூலச்செடி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் குளிர்ந்த ஈர நிலத்தில் வளரும் லூபினஸ் பாலிஃபில்லஸ். டேவிட் டக்ளஸ் என்ற தாவரம் சேகரிப்பவர் 1820களில் அதை பிரிட்டனுக்கு அனுப்பினார். யார்க் நகரில் ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற தோட்டக்காரர் வருடக்கணக்கில் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து, 1937இல் கண்காட்சிக்குக் கொண்டுவந்தவைதான் இன்றைய கலர் லூபின்கள். இங்கிலாந்து வெயிலுக்குப் பழகிய செடி மத்திய டெக்ஸஸ் ஜூனில் என்ன செய்யும்? உங்கள் மேல் தப்பே இல்லை. இன்னொரு பக்கம், அதே செடி நியூஸிலாந்தின் ஆற்றுப்படுகைகளில் களையாகப் பரவி, அங்கே தரையில் கூடு கட்டும் பறவைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மண் அரிப்பைத் தடுக்க ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோன அலாஸ்கா லூபினும் இதே வம்புதான். லூபினை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது அழகா, தொல்லையா என்பது மாறும்.

அதனால் பாக்கெட் வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் லத்தீன் பெயரைப் பாருங்கள். லூபினஸ் டெக்ஸென்சிஸ் என்று இருக்க வேண்டும். இதிலும் ஒரு கதை உண்டு. 1901இல் மாநில மலரைத் தேர்ந்தெடுக்க டெக்ஸஸ் சட்டமன்றத்தில் விவாதம் நடந்தபோது பருத்திக்கு ஒரு கூட்டம், கள்ளிப்பூவுக்கு ஒரு கூட்டம். கள்ளிக்காக வாதாடிய ஜான் நான்ஸ் கார்னருக்கு ‘கேக்டஸ் ஜாக்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அவர் ரூஸ்வெல்ட்டின் துணை ஜனாதிபதி ஆனபோதும் அது விடவில்லை. கடைசியில் புளூபானெட் வென்றது. ஆனால் சட்டத்தில் எழுதிய பெயர் லூபினஸ் சப்கார்னோசஸ், மணற்பாங்கில் வளரும் சற்று வெளிறிய வகை. கண்ணைப் பறிக்கும் டெக்ஸென்சிஸ் இருக்க இதையா என்று எழுபது வருடம் பேசித் தீர்த்தார்கள். 1971இல், இரண்டும் மாநில மலர், இனி கண்டுபிடிக்கப்படும் வேறு புளூபானெட்டும் மாநில மலர் என்று ஒரேயடியாக முடித்துவிட்டார்கள். நம் அரசியல்வாதிகளுக்கு மட்டும்தான் இந்தச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

டெக்ஸஸுக்கு வெளியே, அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் இருந்து இதைப் படிப்பவர்கள் புளூபானெட் விதையைத் தேடி வாங்க வேண்டாம். உங்கள் ஊருக்கே உரிய லூபின் இருக்கக்கூடும். கலிபோர்னியாவில் அரோயோ லூபின் இதே மாதிரி இலையுதிர் காலத்தில் விதைத்து வசந்தத்தில் பூப்பது, களிமண்ணையும் தாங்கும். நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் லூபினஸ் பெரென்னிஸ், பல வருடம் நிற்கும் செடி. கார்னர் புளூ என்ற சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் புழு அந்த ஒரு செடியைத் தவிர வேறெதையும் தின்னாது. செடி குறையக் குறையப் பூச்சியும் குறைந்து 1992இல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கடை லூபினை வாங்கி வைத்தால் அந்தப் புழுவுக்குப் பிரயோசனமில்லை.

மார்ச் நடுவில் பூ வரும். பூவைக் குழந்தைக்குக் காட்டும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிறு பூவின் மேலிதழிலும் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கும். பூ விரிந்து சில நாளில் அந்தப் பொட்டு குங்குமம் வைத்த மாதிரி கருஞ்சிவப்பாக மாறிவிடும். கீழ்வரிசை சிவப்பு, மேல்வரிசை வெள்ளை. தேனீக்கள் பெரும்பாலும் வெள்ளைப் பொட்டுக்குத்தான் போகும், அங்கேதான் புது மகரந்தம். உடம்பெல்லாம் ரோமமான பெரிய பம்பிள்பீ வந்து உட்காரும்போது பாரத்தில் கீழிதழ் தாழ்ந்து, பற்பசையைப் பிதுக்கின மாதிரி நுனியில் மகரந்தம் வெளியே வரும். அரை மணி நேரம் ஓடிவிடும். நீல வயலில் பட்டுப்பாவாடை போட்டு உட்காரவைத்துப் படம் எடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: உட்கார்ந்த இடத்தில் நசுங்கிய செடி விதை வைக்காது, தீ எறும்பும் பாம்பும் அங்கே உண்டு. வீட்டிலேயே நாலு செடி இருந்தால் அந்தப் பயம் இல்லை. பூவைப் பறித்தால் ஜெயில் என்று ஊரில் பேசிக்கொள்வது பொய். அப்படித் தனிச் சட்டம் கிடையாது. பூங்காக்களிலும் அடுத்தவர் நிலத்திலும் கை வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மே மாதம்தான் பொறுமைக்குச் சோதனை. பூ முடிந்து செடி மஞ்சளித்து, சாய்ந்து, பார்க்கச் சகிக்காது. அப்போது வெட்டினால் அடுத்த வருடம் கிடையாது. எனக்கு ஒரு மே மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: களை மண்டிக் கிடக்கிறது, பத்து நாளில் வெட்டவும். ஏப்ரலில் அதே பாத்தி முன்னால் நின்று படம் எடுத்தவர்களும் அந்தச் சங்கத்தில் உண்டு! மாநில மலர், விதை முற்றிக்கொண்டிருக்கிறது, மாதக் கடைசியில் வெட்டுகிறேன் என்று எழுதிப்போட்டேன், விட்டுவிட்டார்கள். அப்புறம் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டேன். பாத்தியைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, கல் வரிசை வைத்துவிட்டால், உள்ளே என்ன கிடந்தாலும் அது தோட்டம் ஆகிவிடுகிறது.

குழந்தை விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளியதற்கு மன்னிக்கவும், ஆனால் இதில் இரண்டு கருத்து இல்லை. காயும் விதையும் விஷம். செடி முழுக்கக் கசப்பான ஆல்கலாய்டுகள் உண்டு, விதையில் அதிகம். இத்தாலிக்காரர்கள் உப்பு நீரில் ஊறவைத்துத் தின்னும் லூபினி வேறு இனம், அதையே பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கசப்பை எடுத்துத்தான் சாப்பிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இதில் சுண்டல் செய்து பார்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார், கூடவே கூடாது. மூன்று வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் இரண்டு வழி. பூக்கும் வரை ரசித்துவிட்டு, பச்சைக்காய் பிடிக்கும்போது கதிர்களைக் கத்தரித்துவிடலாம். விதை கிடைக்காது, அடுத்த வருடம் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அல்லது குழந்தை விளையாடாத முன்கட்டில் பாத்தி போடலாம். எப்போதாவது வாயில் போட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் 1-800-222-1222 என்ற விஷ முறிவு ஆலோசனை எண்ணைக் கூப்பிடுங்கள், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பூவைத் தொடுவதாலோ மோந்து பார்ப்பதாலோ ஒன்றும் ஆகாது. வளர்ப்பு நாய் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்றால், முதல் வருடம் ரொம்ப வேண்டாம். எனக்கு முதல் மார்ச்சில் பதினொரு செடி வந்தது, எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது வருடம் எண்ண முடியவில்லை. ஐந்தாவது வருடம் இலையுதிர் மழை பொய்த்தது, திரும்பவும் கொஞ்சம்தான். மழையைப் பொறுத்த விஷயத்தில் யாராலும் உறுதி சொல்ல முடியாது. பொறுமை இல்லையென்றால் பிப்ரவரியில் சிறு தொட்டியில் புளூபானெட் கன்றாகவே விற்பார்கள். ஆணிவேர் கலையாமல் மண்கட்டியோடு இறக்கி வைத்தால் அந்த வசந்தமே பூ பார்த்துவிடலாம். சாலையோரத்தில் தோண்டிக்கொண்டு வருவது மட்டும் வேண்டாம், வேர் அறுந்து எப்படியும் சாகும்.

விதை சேர்ப்பதென்றால் காய் பச்சையாக இருக்கும்போது பறிக்கக்கூடாது. பழுத்துப் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும், ஆனால் வெடித்திருக்கக்கூடாது. அந்த இடைவெளி இரண்டு மூன்று நாள்தான். நெற்றைப் பறித்து காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வையுங்கள். நான் முதல் முறை பையைத் திறந்தபடி கராஜில் வைத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு டப், டப் என்று சத்தம். எலி வந்துவிட்டது என்று மனைவி என்னை டார்ச்சோடு அனுப்பினாள். போய்ப் பார்த்தால் நெற்றெல்லாம் முறுக்கிக்கொண்டு வெடித்து, கார் பானெட் மேலும் துணி மெஷின் பின்னாலும் விதை சிதறிக் கிடக்கிறது. இந்த வருடம் பையை மடித்துத்தான் வைத்தேன், முக்கால் பை இருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்தது பாதி, தேய்க்காதது பாதி என்று செப்டம்பர் கடைசியில் உங்களுக்கு ஒரு உறை எடுத்து வைக்கிறேன். பாத்தியை மட்டும் தயார் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.